பதினொன்றாவது கேள்வி

படிவத்தில் பதினொரு கேள்விகள்.
நோயாளிகளுக்கு நல்வாழ்வு சொல்லித்தரும் பொறுப்பு
போன மாதம் என் தலையில் விழுந்தது,
சம்பளம் ஏறாமல்.
வால்பரைசோ, ஜூலைக் குளிர்,
நான்காம் மாடி, ஆண்கள் பிரிவு.
சன்னலுக்கு வெளியே
துறைமுகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது மூடுபனி.

ஏழாம் கட்டில் எலெயுத்தேரியோ.
முப்பத்தோரு வருடம் டிராலி பஸ் ஓட்டியவர்.
இடது காலில் இப்போது நான்கு விரல்.
ஐந்தாவதைச் சர்க்கரை கொண்டுபோனதாக
டாக்டரின் குறிப்பு.
"அவனுக்கு நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டான்"
என்கிறார் இவர்.

ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி?
"இரண்டு."
நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து
"இரண்டிரண்டாக, மூன்று வேளை."
தேநீருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?
"கரண்டி தானாக நிற்கும்வரை."
எட்டாம் கட்டில் நிபால்டோ
தையல் இழுக்க இழுக்க
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

நடப்பீர்களா?
"என் வீடு மலைமேல், யாஸ்னா.
இருநூற்றுப் பன்னிரண்டு படி.
கம்பி இழுக்கும் ஏற்றப்பெட்டி
பழுதாகி மூன்று வருடம்.
பகல் முழுக்க உட்கார்ந்தபடி ஊரை இழுத்தவன்
இரவில் என்னையே இழுத்துக்கொண்டு ஏறுவேன்.
அது நடையா, தண்டனையா?
இருக்கிறதா அதற்கு ஒரு கட்டம்?"

இல்லை.
'சில சமயம்' என்று ஒரு கட்டம் இருந்தது.
அதில் குறியிட்டேன்.

பதினொன்று: புகைப்பீர்களா?
"விட்டு ஆறு வருடம்."
பிறகு மூக்கை லேசாகத் தூக்கி,
மழை வருமா என்று பார்ப்பவர்போல:
"நீ?"

சலவைக்கூடத்துப் பின்சுவரில்
நீராவிக் குழாய் போகும் இடம் ஒன்று உண்டு,
இந்தக் கட்டடத்திலேயே கதகதப்பான மூலை.
நாளுக்கு ஐந்து முறை அங்கே நான்.
கை கழுவி, புதினா மிட்டாய் மென்று,
இன்னொரு தடவை கை கழுவித்தான் வருகிறேன்.
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்.
திறந்த வாயே சாட்சி சொல்லிவிட்டது.

"ஊரின் மூச்சு முழுக்க
என் பஸ்ஸில்தானே ஏறி இறங்கியது,"
என்றார் எலெயுத்தேரியோ.
"சரி, ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்.
நீ ஒன்று பிடித்தால் எனக்கு ஒரு நடை,
தாழ்வாரக் கோடி வரைக்கும்.
பயணச்சீட்டு உன் செலவு."

முதல் நாள் ஐந்து நடை.
மருத்துவச் செருப்பு, சக்கரத் தாங்கி,
ஒவ்வொரு வாசலிலும் நின்று
ஏறுபவர் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார்.
கோடி சன்னலில் ஒரு நிமிடம்.
பனி விலகினால் அவர் மலை தெரியும்,
வீடு தெரியாது.

மூன்றாம் நாள் நான்கு.
யாருக்காகவும் குறைக்கவில்லை, குளிர் அதிகம்,
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.
ஆறாம் நாள் இரண்டு.
ஏழாம் நாள் இயன்முறைச் சிகிச்சையாளர்
அட்டவணையை நீட்டிக் கடிந்துகொண்டார்:
"ஏழாம் கட்டிலின் நடை
ஏன் குறைந்துகொண்டே போகிறது?"

என்ன சொல்வேன்.
என் நெஞ்சு தேறத் தேற
அவர் கால் மெத்தையில் கிடக்கிறது என்றா?

எட்டாம் நாள் காலை.
பின்சுவர்ப் பக்கமே போகவில்லை.
கட்டிலருகே நின்று
"ஐந்து" என்றேன்.

அவர் மூக்கைத் தூக்கினார்.
நெடுநேரம்.
சோப்பு வாசனை,
நிபால்டோ மறைத்துத் தின்ற வெங்காயத்தின் வாசனை,
வேறொன்றும் இல்லை.

"ஐந்தா?"
"ஐந்து."

செருப்பை அவரே தேடிக் காலில் மாட்டினார்.
தாங்கியின் பிடிகளை
ஸ்டீயரிங்போல இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

"சில்லறை பிறகு தருகிறேன்," என்றார்.
"ஏறிக்கொள். கதவு மூடுகிறது."